அனாமலி: மறுவா, வழுவா, மாறுபாடா?

மடல் 1 · ந.

அன்புடையீர், வணக்கம். எகிப்தில் மண்ணுக்கடியில் மறைந்துபோன இடங்களைத் தேடும் முறைகள் பற்றிய கண்காட்சி ஒன்றின் பதாகைகள் தமிழாகின்றன. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘அனாமலி’ (anomaly, கருவியின் பதிவில் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டுத் தெரிவது) பதினொரு இடத்தில் வருகிறது. முதல் வரைவில் ‘முரண்பாடு’ என்று இருக்கிறது. “துட்டன்காமன் கல்லறைச் சுவருக்குப் பின்னால் முரண்பாடு” என்று படிக்கும் மாணவர், யாருக்கும் யாருக்கும் முரண்பாடு என்று கேட்பார். ‘ரகசிய அறை’ கூடவே கூடாது. 2015இல் ரேடார் பதிவைப் பார்த்து அறை இருக்கிறது என்றார்கள். 2018இல் இத்தாலியின் தூரின் நகர ஆய்வுக்குழு மீண்டும் அளந்து, அப்படி எதுவும் இல்லை என்று முடித்தது. இந்த இரண்டு ஆண்டுக்கும் பொருந்துகிற ஒரு சொல் வேண்டும்.

மடல் 2 · இ.

முதலில் கருவி எதை அளக்கிறது என்று பார்த்துவிடலாம். நைல் டெல்டாவில் பூமியின் காந்தப்புலம் நாற்பதாயிரம் நானோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல். வண்டலால் செய்த சுடாத செங்கல் சுவர் மணலுக்கு நடுவே புதைந்திருந்தால், அதற்கு நேர்மேலே சில நானோடெஸ்லா கூடும் அல்லது குறையும். காந்தமானியோடு வரிவரியாக நடந்து, இந்தச் சின்ன வித்தியாசத்தைச் சாம்பல்நிறப் படமாக்குகிறார்கள். டெல்டாவில் உள்ள காந்தீர் என்ற ஊரில் வயல்களுக்கடியில் கிடந்த, ராமெசெஸ் அரசனின் தலைநகரான பி-ராமெசெஸின் அமைப்பு அப்படித்தான் துலங்கியது. அதே படத்தில் இரும்புக் குழாயும் உடைந்த கொழுவும்கூடத் தெரியும், கறுப்பும் வெள்ளையும் ஒட்டிய இரட்டைப் புள்ளியாக. நடப்பவரின் இடுப்புவாரில் இரும்புக் கொக்கி இருந்தால் வரி முழுதும் கெட்டுவிடும். அரசனின் சுவரையும் உழவரின் கொழுவையும் ஒரே சொல் தாங்க வேண்டும். அதுதான் சிக்கல்.

மடல் 3 · பு.

இலக்கணத்தில் இருக்கவே இருக்கிறது ‘வழு’. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழு. நெறியிலிருந்து நழுவியது வழு. அதற்குக் காரணம் இருந்து ஏற்றுக்கொள்ளப்பட்டால் வழுவமைதி. படத்தில் தெரிவது வழு. தோண்டிச் சுவர் கிடைத்தால் வழுவமைதி. இரண்டு நிலைக்கும் இரண்டு சொல் ஒரே வேரில் கிடைக்கின்றன. வழுவு, வழுக்கு, வழுவழுப்பு எல்லாம் ஓரினம். வழுதுணங்காயும் (கத்தரிக்காய்) அந்த வழவழப்பால் வந்த பெயர் என்பது என் கருத்து.

மடல் 4 · வா.

பு. ஐயா, வழுவமைதி அழகான எண்ணம். ஆனால் கணினித் தமிழில் வழு என்றால் நிரல்பிழை என்று ஊன்றிவிட்டது. “ரேடார் பதிவில் வழு” என்று எழுதினால் கருவி பழுது என்றுதான் படிப்பார்கள். ‘பிறழ்வு’ம் அப்படியே, குற்றம் சொல்வதுபோல் ஒலிக்கும். தவிர, இந்த அளவுக்குக் கூட்டல் கழித்தல் குறி உண்டு. “8 நானோடெஸ்லா வழு” என்று சொல்ல வருமா? ‘மாறுபாடு’ போதும். நேர் மாறுபாடு, எதிர் மாறுபாடு, காந்த மாறுபாடு, அடர்த்தி மாறுபாடு என்று எல்லாவற்றோடும் ஒட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உரை வேண்டியதில்லை.

மடல் 5 · செ.

விலையிலும் மாறுபாடு, கருத்திலும் மாறுபாடு. இவ்வளவு பொதுவான சொல் பதாகையில் யார் கண்ணிலும் நிற்காது. என் முன்மொழிவு ‘மறு’. குறள் 957 சொல்லும் மதியின் மறு. அது எல்லார்க்கும் தெரிகிறது. ஏன் வந்தது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. முயல் என்பார் சிலர், பாட்டி என்பார் சிலர். நிலமறு, காந்தமறு, ரேடார்மறு.

மடல் 6 · வா.

2018 செய்தியை அப்படி எழுதிப் பாருங்கள்: “மறுஆய்வில் மறு மறுக்கப்பட்டது.” ஒரு வரியில் மூன்று மறு, மூன்றுக்கும் வேறு பொருள். மாணவர் எதைப் பிடிப்பார்?

மடல் 7 · இ.

பத்தாம் பதாகை கூஃபுவின் பிரமிடு. அங்கே ‘வாய்டு’ம் (void, உள்ளே வெறுமையான இடம்) வருகிறது, அதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். விண்ணிலிருந்து வரும் மியூவான் என்ற நுண்துகள்களைக் கல் ஓரளவு தடுக்கிறது. ஒரு திசையில் கணக்குக்கு மேல் வந்து சேர்ந்தால் அந்த வழியில் கல் குறைவு என்று பொருள். பிரமிடுக்குள் அரசியின் அறை எனப்படும் இடத்தில் மியூவான் தடம் பதியும் படலங்களை வைத்துப் பதிவுசெய்து, வேறு இரு வகைக் கருவிகளாலும் சரிபார்த்த பிறகே, பெருங்கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீள வெற்றிடம் என்று 2017இல் அறிவித்தார்கள். முதலில் மாறுபாடு, அடுத்து வெற்றிடம், அதற்கடுத்துத்தான் அறை. வடமுகப்பில் மூன்றாம் படியும் கடந்தாயிற்று. கல் இணைப்பின் இடுக்கில் 6 மி.மீ. எண்டோஸ்கோப்பை (மெல்லிய குழாய்க் கேமரா) நுழைத்து, சுமார் 9 மீட்டர் நீளமான நடைவழியை 2023இல் காட்டினார்கள். கூரை இருபுறமும் சாய்ந்திருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. பெருங்கூடத்து மேலுள்ளதில் இன்னும் எதுவும் நுழையவில்லை, அதற்கு ‘அறை’ என்று எழுத நமக்கு உரிமையில்லை. வெற்றிடத்திலும் ஒரு குறை: இயற்பியல் பாடத்தில் அது காற்றே இல்லாத இடம்.

மடல் 8 · பு.

அப்படியானால் ‘அளை’. புறநானூறு 86இல் புலி தங்கிப் போன கல்லளை. கல்லுக்குள் வெறுமை, இருந்தவர் போன பின் எஞ்சியது. எகிப்து என்றதும் இன்னொன்று: செங்கடற்கரைப் பழந்துறைமுகமான குசைர் அல்-கதீமில் கிடைத்த பானையோட்டில் தமிழ்ப் பிராமியில் ‘பானை ஒறி’ என்று இருக்கிறது. உறி ஒறியானது, உலக்கை ஒலக்கையானதுபோல. அந்த ஊரும் தொலைந்த இடம்தான். பழைய நூல்கள் சொல்லும் லெயுகோஸ் லிமேன் துறைமுகம் என்று நெடுநாள் நம்பியிருந்து, அங்கே கிடைத்த எழுத்துள்ள ஓடுகளால் மியோஸ் ஹோர்மோஸ் என்ற வேறு துறைமுகம் என்று தெளிந்தார்கள்.

மடல் 9 · வா.

அந்த ஓட்டில் எழுதியவர் பேசியபடிதான் எழுதினார் ஐயா. நாமும் அப்படியே செய்வோம். அளை என்றால் இன்று நண்டு வளை நினைவுக்கு வந்தாலே அதிகம்.

மடல் 10 · ந.

அச்சகம் கேட்டுவிட்டது. பெரும்பான்மைப்படி ‘மாறுபாடு’, முதல் பதாகையில் மட்டும் “கருவி காட்டும் மாறுபாடு” என்று விரித்து எழுதுகிறேன். வாய்டுக்கு இப்போதைக்கு ‘வெற்றிடம்’. அளையை அடுத்த பதிப்பில் மீண்டும் பேசலாம்.

மடல் 11 · செ.

என் மாற்றுக்கருத்தையும் பதிந்துவையுங்கள். மாறுபாடு என்பது எண்ணைச் சொல்லும் சொல். கண்காட்சிக்கு வருபவர் எண்ணைப் பார்க்கப்போவதில்லை. காந்தீர்ப் படத்தில் அவர் காண்பது சாம்பல்நிறத்தின் நடுவே ஒரு கறுப்புத் திட்டு. அதற்குத் தமிழில் மறு என்று பெயர்.