கட்சி ஆக்களைக் கலைச்சாப் பிறகு ஆர் வேலை செய்தது?

வரலாற்று வாத்தியார் (யாழ்ப்பாணம்):
ஏ.எல். வகுப்பில இரண்டாம் உலகப் போர் முடிக்கிறன். என்ர நோட்ஸ் நியூரம்பேர்க் தீர்ப்போட நிக்குது. ஒரு பிள்ளை எழும்பி, "சேர், பெரிய தலையளைத் தூக்கில போட்டாச்சு. தபால் கந்தோரில, பள்ளிக்கூடத்தில இருந்த நாசிக் கட்சிக்காரரை என்ன செய்தவை?" எண்டு கேட்டாள். வேலையால நிப்பாட்டினவை எண்டன். "பிறகு ஆர் வேலை செய்தது?" எண்டாள். விசயம் தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ. எங்கட ஊர் அரசியலை இழுக்க வேண்டாம், திரியைப் பூட்டிப்போடுவினம்.

ஓய்வுபெற்ற கிளாக்கர்:
அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. நான் கச்சேரியில படிவத்தோடயே சீவிச்சவன், அந்தக் கண்ணாலதான் பாக்கிறன்.

1945 இல நாசிக் கட்சியில கிட்டத்தட்ட 85 லட்சம் பேர். அமெரிக்கர் ஜேர்மனியில தாங்கள் பிடிச்சு வைச்சிருந்த வலயத்தில 131 கேள்வியோட ஒரு படிவம் குடுத்தவை. உயரம், நிறை, தலைமயிர் நிறம், உடம்பில தழும்பு, எந்தெந்தச் சங்கத்தில இருந்தனீங்கள், 1932 நவம்பர் தேர்தலில ஆருக்கு வாக்குப் போட்டனீங்கள் எண்டெல்லாம் இருக்கு. வாக்குப் போட்டதைக் கேட்டா எவன் உண்மை எழுதுவான்? ஆனா கட்சியிலயே இருக்கேல்லை எண்டு புளுகிறது கஷ்டம். போர் முடியிற நேரம் உறுப்பினர் அட்டையளைக் கூழாக்கச் சொல்லி மியூனிச்சுக்குக் கிட்ட ஒரு கடதாசி ஆலைக்கு அனுப்ப, ஆலைக்காரன் அரைக்காமல் ஒளிச்சு வைச்சிட்டான்!

சிக்கல் என்னெண்டால், அட்டை ஒருத்தன் சேர்ந்ததைத்தான் காட்டும், செய்ததைக் காட்டாது. உத்தியோகம் போயிடும் எண்டு பயந்து கையெழுத்து வைச்ச வாத்திக்கும் அட்டை இருக்கு. கட்சியில சேராமலே அயல்வீட்டு யூதக் குடும்பத்தைக் காட்டிக் குடுத்தவனுக்கு அட்டை இல்லை.

1946 மார்ச்சில சட்டம் வந்து, குற்றத்தின்ர பாரத்தைப் பாத்து ஆக்களை ஐஞ்சு வகையாப் பிரிச்சினம். விசாரணையை ஜேர்மன்காரரிட்டயே குடுத்தாச்சு, 500க்கு மேல மன்றங்கள். மேசையில கோவை குவிஞ்சா எந்தக் கந்தோரிலயும் நடக்கிறதுதான் அங்கயும் நடந்தது: லேசானதை முதல் முடிச்சினம். சந்தா கட்டின சின்ன ஆள் முதலே தண்டம் கட்டினான். பாரமான கோவையள் 1948 வரை இழுபட்டுது. அதுக்குள்ள சோவியத்தோட பனிப்போர். அமெரிக்கருக்கும் அக்கறை விட்டுப்போச்சு, பெரியவை கன பேர் தப்பிட்டினம். பாதிரியார், பக்கத்து வீட்டுக்காரர் எழுதின நல்ல பேர்க் கடிதங்கள் வேற, எங்கட ஆக்கள் ஜே.பி.யிட்ட (சமாதான நீதவானிட்ட) நற்சான்றிதழ் வாங்கிற மாதிரித்தான்.

ஸ்ருட்காட் தமிழன்:
அண்ணை சொன்னது மேற்கு. கிழக்கில சோவியத்காரர் நாசி வாத்திமாரைக் கூட்டமாக் கலைச்சுப்போட்டு, புது ஆக்களுக்குச் சில மாசம் பயிற்சி குடுத்து வகுப்புக்கு அனுப்பினவை. பிள்ளையளை விட ஒரு பாடம் முன்னுக்குப் படிச்ச வாத்திமார் எண்டு நினையுங்கோ.

மேற்கில 1951 இல ஒரு சட்டம் வந்து, கலைபட்ட உத்தியோகத்தரில பெரும்பகுதி திரும்பி வந்திட்டுது. அட்டைக் கதைக்கு ஒரு ஆள் சொல்லுறன்: ஹன்ஸ் குளோப்கே. யூதரை ஒதுக்கின நாசியளின்ர நியூரம்பேர்க் இனச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதினவர்களில ஒருத்தர். கட்சி உறுப்பினரே இல்லை. 1953 முதல் 1963 வரை மேற்கு ஜேர்மனியின்ர முதல் சான்சலர் அடினவரின்ர அலுவலகமே அவற்ர கையிலதான்.

கொக்குவில் பெடியன்:
இழுத்தடிச்சதுதான் பிழை. ஒரே அடியா எல்லாரையும் வெளியில விட்டிருக்கோணும்.

ஓய்வுபெற்ற கிளாக்கர்:
தம்பி, அதைத்தான் ஈராக்கில செய்து பாத்தவை. 2003 மே 16, ஈராக்கை நடத்தின அமெரிக்க நிர்வாகி பிரெமரின்ர முதலாம் கட்டளை: சதாமின்ர பாத் கட்சியின்ர மேல் நாலு தட்டும் அரச வேலையால வெளியில. மே 23, ரெண்டாம் கட்டளை: படையையே கலைச்சாச்சு. ஆயிரக்கணக்கான வாத்திமாருக்கு வேலை போச்சு. துவக்குப் பிடிக்கத் தெரிஞ்ச கனபேர் சம்பளமில்லாமல் தெருவில. அவையில சில அதிகாரியள் பிறகு ஐ.எஸ். படைத் தலைமையில இருந்தவை.

அதுக்காகச் சும்மா விடச் சொல்லேல்லை. பாரமான கோவையை முதல் எடு, ஆளாளாப் பார், பொலிசையும் நீதிமன்றத்தையும் முதலே துப்புரவாக்கு. தபால்காரன் பொறுக்கலாம். மேற்கு ஜேர்மனியில பழைய நீதவான்மார் திரும்பவும் கதிரையில இருந்தவை. என்ர கணக்கில அதுதான் பெரிய பிழை.

வரலாற்று வாத்தியார்:
நன்றி. குளோப்கேயோட தொடங்கிறன். அவள் அடுத்ததா ஜப்பானைக் கேப்பாள். கிஷி போர்க்குற்றச் சந்தேகத்தில 1948 வரை சிறையில, 1957 இல பிரதமர். இதை விடக் கூடத் தெரிஞ்ச ஆக்கள் இருந்தா எழுதுங்கோ.