பழைய ஃபோனை விற்கப் போட்டிருக்கிறேன், வாங்க வருபவர் பேச்சு சரியாகப் படவில்லை. என்ன செய்யலாம்?

மழைக்காலம்:

வணக்கம் நண்பர்களே. புது ஃபோன் வாங்கியாச்சு, பழையது மேசை டிராயரில் சும்மா கிடக்கிறது. ஸ்கிரீனில் கீறல் இல்லை, பேட்டரியும் நன்றாகவே நிற்கிறது, விற்றுவிடலாம் என்று ஒரு தளத்தில் விளம்பரம் போட்டேன். போட்ட சில நிமிடங்களிலேயே ஒருவர் பிடித்துவிட்டார். விலை பேசவே இல்லை. எத்தனை வருஷம் ஓடியது, பில் இருக்கிறதா, டிஸ்ப்ளே மாற்றியதா, எதுவுமே கேட்கவில்லை. "எனக்கு ஓகே, நான் வெளியூரில் இருக்கிறேன், தம்பிக்குப் பரிசாகக் கொடுக்கணும், பணத்தை இப்போதே போடுகிறேன், கூரியர் ஆள் வந்து வாங்கிக்கொள்வார்" என்கிறார். தளத்தின் சாட் வேண்டாமாம், விளம்பரத்தில் இருந்த நம்பரை எடுத்து வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டார்.

இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார். "இங்கே போலி விற்பனையாளர்கள் அதிகம், நீங்கள் உண்மையான ஆள்தானா என்று பார்க்க உங்கள் நம்பருக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள்" என்று. நிஜமாகவே 6 இலக்கத்தில் ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வந்திருக்கிறது. இன்னும் சொல்லவில்லை. அவர் பேசுவது மரியாதையாகத்தான் இருக்கிறது, ஆனால் அவசரம் ரொம்ப அதிகம். ஐஎம்இஐ நம்பரும் (ஒவ்வொரு ஃபோனுக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாள எண்) கேட்கிறார். இதில் எது சாதாரணம், எது வில்லங்கம்? ஃபோனைக் கொடுப்பதற்கு முன் நான் என்னென்ன செய்யணும் என்றும் சொன்னால் நல்லது.

சாவித்துவாரம்:

அந்தக் கோட் எண்ணைச் சொல்லாதீர்கள். முதலில் அந்த எஸ்எம்எஸ்ஸை முழுசாகப் படியுங்கள், நம்பரை மட்டும் பார்க்காதீர்கள். யார் அனுப்பியது என்று அதிலேயே இருக்கும், யாரிடமும் பகிர வேண்டாம் என்றும் பெரும்பாலும் இருக்கும். அவர் "அனுப்பிய" கோட் இல்லை அது. உங்கள் நம்பரைப் போட்டு எங்கேயோ உள்ளே நுழையப் பார்க்கிறார், அந்தச் சேவை உங்களுக்கு அனுப்பிய கோட் அது. பெரும்பாலும் வாட்ஸ்அப்பாக இருக்கும். சொன்ன அடுத்த நிமிடம் உங்கள் வாட்ஸ்அப் அவர் கையில், அப்புறம் உங்கள் மாமாவுக்கும் ஆபீஸ் குரூப்புக்கும் "அவசரமாகப் பணம் வேண்டும்" என்று உங்கள் பெயரில் மெசேஜ் போகும். இவருக்கு உங்கள் ஃபோன் தேவையே இல்லை, நம்பர்தான் தேவை. வாட்ஸ்அப் செட்டிங்கில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று இருக்கிறது, உடனே ஒரு பின் போட்டுவிடுங்கள். அப்புறம் யாராவது கோட் எண்ணைப் பிடுங்கினாலும் அந்தப் பின் இல்லாமல் உள்ளே போக முடியாது.

கோட் கொடுக்க மறுத்தால் சிலர் அடுத்த வேஷத்துக்குப் போவார்கள், அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பணம் போட்டுவிட்டேன் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். அல்லது வங்கியிலிருந்து வந்ததுபோலவே லோகோ எல்லாம் போட்டு ஒரு மெயில் வரும்: தொகை வந்துவிட்டது, கூரியரின் டிராக்கிங் நம்பரைக் கொடுத்ததும் உங்கள் கணக்கில் விடுவிக்கப்படும் என்று. அனுப்பியவர் முகவரியை விரித்துப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு மெயில் ஐடியாக இருக்கும். சில தளங்கள் நிஜமாகவே பணத்தைப் பிடித்துவைத்து, பொருள் போய்ச் சேர்ந்ததும் விற்றவருக்குக் கொடுக்கும். அது உண்மைதான், ஆனால் அது அந்தத் தளத்துக்குள் உங்கள் ஆர்டர் பக்கத்தில் தெரியும், வெளியிலிருந்து வரும் மெயிலில் இல்லை. இதனால்தான் உங்களை முதல் வேலையாகத் தளத்தின் சாட்டிலிருந்து வெளியே இழுக்கிறார்கள். இன்னொன்று, "தெரியாமல் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியை மட்டும் திருப்பி அனுப்புங்கள்". முதல் பணம் வந்திருக்கவே இருக்காது, அல்லது சில நாளில் திரும்பிப் போய்விடும் பணமாக இருக்கும். நீங்கள் அனுப்பியது மட்டும் நிஜப் பணம்.

பணம் வாங்குவதற்கு நீங்கள் பின் போட வேண்டியதில்லை, கார்டின் பின்பக்கம் இருக்கும் 3 இலக்க எண்ணும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். "இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்தால் பணம் உங்களுக்கு வரும்" என்று யாராவது சொல்லி, அடுத்த திரையில் பின் கேட்டால், அது பணம் உங்களிடமிருந்து போகும் திரை. "பணம் ஏறவில்லையா, இந்த ஆப்பைப் போடுங்கள் நான் உதவுகிறேன்" என்று உங்கள் திரையை அங்கிருந்து பார்க்கும் ஆப்பைப் போடச் சொன்னால் பேச்சை அங்கேயே முடியுங்கள். பணம் வந்ததா என்பதை உங்கள் வங்கி ஆப்பை நீங்களே திறந்து, மீதித் தொகையில் பாருங்கள். அவர் அனுப்பிய லிங்க் வழியாகப் போய்ப் பார்க்காதீர்கள்.

கடைசிபெஞ்ச்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் பணம் நிஜமாகவே கணக்கில் ஏறிவிட்டது, அப்படியும் மாட்டிக்கொள்ளலாம், அதை யாரும் சொல்வதில்லை. எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு நடந்தது. ஃபோனைக் கொடுத்தான், முழுத் தொகையும் வந்தது, ஒரு வாரம் கழித்து அவன் வங்கிக் கணக்கே முடங்கிவிட்டது.

எப்படி என்றால், மோசடிக்காரன் இவன் போட்ட படங்களையும் விவரத்தையும் அப்படியே எடுத்து, வேறு இடத்தில் தானே விற்பதுபோல் குறைந்த விலைக்கு விளம்பரம் போட்டிருக்கிறான். அங்கே ஒரு அப்பாவி மாட்டுகிறார். அவரிடம் "இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்" என்று கொடுத்தது எங்கள் பையனின் கணக்கு எண். அவர் பணம் போட்டார், பையன் பணம் வந்ததைப் பார்த்துவிட்டு, வந்து நின்ற ஆளிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டான். அந்த ஆள் போய்விட்டான். பணம் போட்டவருக்கு ஃபோன் வரவில்லை, அவர் புகார் கொடுத்தார், புகாரில் இருப்பது யார் கணக்கு? பையனின் கணக்கு. மோசடிக்காரன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. தன் சாட் பேச்சையும் விளம்பரத்தையும் காட்டி இவன் வெளியே வருவதற்குள் படாத பாடு பட்டுவிட்டான்.

அதனால் பணம் வந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள், யார் பெயரிலிருந்து வந்தது என்று பாருங்கள். பணம் போடும் பெயரும் வாங்க வருபவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "என் அண்ணன் போடுவார், டிரைவர் வந்து எடுப்பார்" என்றால் எனக்கு வேண்டவே வேண்டாம். அண்ணனும் டிரைவரும் நிஜமாகவே இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். பணம் போடுவதும் எதிரில் நிற்பவர் தன் ஃபோனில் உங்கள் கண் முன்னால் போட வேண்டும். முன்கூட்டியே கணக்கு எண்ணைக் கொடுத்துவைக்காதீர்கள், அதுதான் அவனுக்குத் தேவைப்படும் ஒரே பொருள்.

படங்களைப் பற்றியும் ஒன்று. ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கள் யூசர் பெயரையும் தேதியையும் எழுதி ஃபோன் பக்கத்தில் வைத்து எடுங்கள், திருடிப் போட்டால் அசிங்கமாகத் தெரியும். பெட்டியைப் படம் எடுக்கும்போது ஐஎம்இஐ ஸ்டிக்கரை மறையுங்கள். பில்லில் முகவரி இருக்கும், அதையும்.

ரிப்பேர்டேபிள்:

நான் ஃபோன் சரிசெய்யும் வேலையில் இருப்பவன். ஏமாற்றில் பாதி பணத்தில் நடக்கிறது, மீதி ஃபோனுக்குள் இருக்கும் அக்கவுண்டில் நடக்கிறது, அதைச் சொல்கிறேன்.

வெறும் ரீசெட் போதாது. ஐஃபோனில் 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோதே ஆக்டிவேஷன் லாக் வந்துவிட்டது, ஆண்ட்ராய்டில் 2015இல் 5.1 பதிப்பிலிருந்து அதேபோல ஒன்று இருக்கிறது. அக்கவுண்டை எடுக்காமல் அழித்தால், வாங்கியவர் ஆன் செய்ததும் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கலாம். அவர் உங்களுக்கு ஃபோன் செய்து பாஸ்வேர்ட் கேட்பார், நீங்கள் கொடுக்கலாமா வேண்டாமா என்று முழிப்பீர்கள். கொடுக்காதீர்கள், ஐஃபோன் என்றால் ஆப்பிளின் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து அந்த ஃபோனை உங்கள் கணக்கிலிருந்து நீக்கினால் போதும். ஆனால் அந்த நிலைமையே வராமல் இருக்க, முதலில் பேக்கப், அப்புறம் அக்கவுண்டிலிருந்து சைன் அவுட், அதன் பிறகு அழிப்பது. ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கோடு சாம்சங், ஷாவ்மி என்று கம்பெனிக் கணக்கு தனியாக இருந்தால் அதையும் எடுக்கணும், பலர் இதை விட்டுவிடுவார்கள்.

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3இல் திருட்டுப் பாதுகாப்பு என்று ஒன்று வந்தது. அது ஆனில் இருந்தால், வழக்கமாக இருக்கும் இடத்தை விட்டு வெளியே போய் சைன் அவுட் செய்யப் பார்த்தால் ஒரு மணி நேரம் காத்திரு என்று சொல்லும். வாங்குபவர் எதிரில் உட்கார்ந்திருக்க, நீங்கள் ஒரு மணி நேரம் வானிலை பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அழித்த ஃபோனை எப்படிச் சோதித்துப் பார்ப்பார் என்று கேட்பீர்கள். அவர் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து முதல் திரைகளைத் தாண்டட்டும். பழைய ஓனரின் பாஸ்வேர்ட் கேட்காமல் போனாலே லாக் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அக்கவுண்ட் போடும் திரையில் "பிறகு" என்று தாண்டி, கேமரா, ஸ்பீக்கர், சார்ஜிங், சிம் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். பணம் வருவதற்கு முன் அவருடைய அக்கவுண்டை மட்டும் அதில் போட விடாதீர்கள். "என் ஐடியைச் சும்மா போட்டுப் பாருங்கள், வேலை செய்கிறதா என்று தெரியணும்" என்று தூரத்திலிருந்தே கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். போட்ட அடுத்த நொடி, தொலைந்த ஃபோனைத் தூரத்திலிருந்தே பூட்டும் லாஸ்ட் மோடில் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்பார்கள். உங்கள் கையில் இருக்கும் ஃபோன், சாவி அவரிடம்.

மழைக்காலம்:

எல்லாருக்கும் நன்றி. எஸ்எம்எஸ்ஸைத் திரும்பப் படித்தேன், வாட்ஸ்அப் கோட்தான், பகிர வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறது. கோட் தர முடியாது, நேரில் வந்து வாங்குங்கள் என்றேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது, "உன்னைப் போலீஸில் சொல்கிறேன்" என்று ஒருமையில் திட்டிவிட்டுப் போய்விட்டார். பிளாக் செய்து தளத்திலும் ரிப்போர்ட் செய்துவிட்டேன், வாட்ஸ்அப்பில் பின் நம்பரும் போட்டாச்சு.

வேறொருவர் இப்போது தளத்தின் சாட்டிலேயே ஒழுங்காகப் பேசுகிறார், பேட்டரி ஹெல்த் எவ்வளவு, டிஸ்ப்ளே ஒரிஜினலா என்று துருவித் துருவிக் கேட்கிறார். அவரும் ஐஎம்இஐ கேட்கிறார். கொடுக்கலாமா?

கடைசிபெஞ்ச்:

நான் கொடுக்க மாட்டேன். திருட்டு ஃபோனின் ஐஎம்இஐயை மாற்றி, சுத்தமான வேறொரு ஃபோனின் எண்ணைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு உங்கள் எண் அந்தத் திருட்டு ஃபோனில் இருந்தால் யார் பதில் சொல்வது?

நடுவழி:

நான் பழைய ஃபோன் வாங்குகிற பக்கம் இருப்பவன், என் தரப்பைச் சொல்கிறேன். ஐஎம்இஐ காட்டாதவரிடம் நான் வாங்கவே மாட்டேன். தொலைந்ததாகப் புகார் ஆன ஃபோனை நெட்வொர்க்கில் பிளாக் செய்துவிடுவார்கள், அந்த எண்ணைச் சோதிக்காமல் வாங்கினால் எனக்கு வெறும் கேமராதான் மிச்சம். இப்படித் துருவிக் கேட்கும் ஆள்தான் நிஜமாக வாங்கப் போகிறவர், அவரைச் சந்தேகப்பட்டு விரட்டிவிடாதீர்கள்.

15 இலக்கத்தில் முதல் 8 எந்த மாடல் என்பதைச் சொல்லும், அதை மட்டும் சாட்டில் கொடுங்கள், மாடல் சரிதானா என்று பார்த்துக்கொள்வார். முழு எண்ணை நேரில் சந்திக்கும்போது *#06# போட்டுத் திரையில் காட்டுங்கள், அவர் அங்கேயே சோதித்துக்கொள்ளட்டும். இரண்டு சிம் ஃபோன் என்றால் இரண்டு எண் வரும், இரண்டையும் காட்டுங்கள். அழிப்பதற்கு முன் நீங்களும் அந்த எண்ணை எழுதிவையுங்கள். நாளைக்கு அவர் தன்னிடம் இருக்கும் உடைந்த அதே மாடலைக் கொண்டுவந்து "நீங்கள் கொடுத்தது இதுதான்" என்றால் அந்த எண்தான் பேசும். கூரியரில் அனுப்புவதாக இருந்தால் எண் தெரியும் திரையிலிருந்து பெட்டியை ஒட்டி முடிக்கும் வரை நடுவில் வெட்டாமல் வீடியோ எடுங்கள்.

நேரில் என்றால் வங்கிக்குள்ளேயே சந்தியுங்கள். ரொக்கம் கொடுத்தால் அங்கேயே கணக்கில் கட்டிவிடலாம், கள்ள நோட்டு இருந்தால் கவுன்ட்டரிலேயே தெரிந்துவிடும். வம்பு செய்ய வருகிறவன் வங்கி என்றதுமே வர மாட்டான். அவர் கையில் ஃபோனைக் கொடுத்த பிறகு கண்ணை எடுக்காதீர்கள், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் அதே ஃபோன்தானா என்று பார்த்து வாங்குங்கள், அச்சாக அதே மாதிரி டம்மியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

மழைக்காலம்:

வங்கி யோசனை பிடித்திருக்கிறது, அவரிடம் கேட்டேன், அவரும் சரி என்றுவிட்டார். பணம் அவர் பெயரிலிருந்தே, என் எதிரிலேயே போடுகிறேன் என்கிறார். கடைசியாக ஒன்று: இன்று இரவே அழித்துவிடலாமா?

ரிப்பேர்டேபிள்:

அழிப்பதற்கு முன் ஓடிபி உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் அந்தப் பழைய ஃபோனில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புது ஃபோனுக்கு மாற்றி, ஒரு தடவை லாகின் செய்து பார்த்த பிறகு அழியுங்கள், இல்லையென்றால் உங்கள் கணக்குக்குள் நீங்களே போக முடியாது. இசிம் (அட்டை இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே பதியும் சிம்) போட்டிருந்தால் அது புதியதில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதிலிருந்து நீக்குங்கள். சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள், மெமரி கார்டை அதிலேயே விட்டுக் கொடுத்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

மழைக்காலம்:

மெமரி கார்டு இருக்கிறது! இப்போதுதான் எடுத்தேன்.