மெயிலில் சொதப்பிவிட்டேன், கொஞ்சம் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாச்சியார்கோவிலில் சித்தப்பாவின் குத்துவிளக்குப் பட்டறையில் ஆர்டர் கணக்கும் மெயிலும் பார்ப்பது நான்தான். நேற்று புது விலைப்பட்டியலைப் பன்னிரண்டு கடைக்காரர்களுக்கு ஒரே மெயிலில் அனுப்பினேன், முகவரிகளை மற்றவர்களுக்குக் காட்டாத பிசிசியில் போடாமல் எல்லோருக்கும் காட்டும் சிசியில் போட்டுத் தொலைத்துவிட்டேன், யார் யார் எங்களிடம் வாங்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. போதாக்குறைக்கு ஒருவர் 'போன மாசம் எனக்குச் சொன்ன விலை வேறாச்சே' என்று ரிப்ளை ஆல் அடித்துவிட்டார். ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 விநாடிதான், என் செட்டிங்கில் வெறும் 5. நான் கவனித்தபோது டீயே ஆறியிருந்தது.

இப்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதுவதா, பேசாமல் போனில் கூப்பிட்டுச் சொல்வதா? சித்தப்பா 'போன் போடுடா, எழுத்துல இருந்தா அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குவாங்க' என்கிறார். எனக்கென்னவோ இரண்டு வரியாவது எழுதுவதுதான் மரியாதை என்று படுகிறது.

அப்புறம் இன்னொன்று. ஆங்கிலத்தில் எழுதினால் 'ரெஸ்பெக்டட் சார்' என்றுதான் கை தானாக ஆரம்பிக்கும். பெங்களூரிலிருந்து ஓர் அம்மா 'நான் சார் இல்லை' என்று பதில் போட்டார், வெட்கமாகப் போய்விட்டது. ஆணா பெண்ணா தெரியாதபோது எப்படி ஆரம்பிக்கிறீர்கள்? சப்ஜெக்டில் '3 அடி விளக்கு, 2 ஜோடி, விலை விவரம்' என்று போட்டால் போதுமா?

நீங்கள் அனுப்பிய மன்னிப்பு மெயில் ஏதாவது இருந்தால் பெயரை அழித்துவிட்டுப் போடுங்கள். நாளைக் காலை பட்டறை திறப்பதற்குள் அனுப்பியாக வேண்டும்.