மாடி மழைத்தண்ணி டிரம்ல நாத்தம், புழு: செடிக்கு ஊத்தலாமா? (அவசரம்)

முல்லைக்கொடி: வணக்கம். மாடியில விழுற மழைத்தண்ணிய டிரம்ல பிடிச்சு செடிக்கு ஊத்தலாம்னு போன வாரம்தான் செட் பண்ணினோம். முதல் மழைக்கே ரொம்பிடுச்சு. இப்போ மூடியத் திறந்தா சாக்கடை நாத்தம், தண்ணி கஷாயம் மாதிரி நிறம், மேல குட்டிக் குட்டிப் புழு நெளியுது. ஊத்தலாமா, கொட்டிடணுமா? நாளைக்கும் மழையாம். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கிணத்தடி: எந்த ஊர்? மாடி எத்தனை சதுர அடி? தட்டோடா, சிமெண்ட் தளமா, தகரமா? மேல மரம் ஏதாவது சாஞ்சிருக்கா?

வெண்டைப்பிஞ்சு: டிரம் புதுசா, பழசா? பழைய நீல டிரம்னா முன்னாடி உள்ள என்ன வந்துச்சுன்னு கடையில கேட்டீங்களா? கெமிக்கல் வந்த டிரம்னா எவ்ளோ கழுவினாலும் கீரை காய்க்கு வேணாம்.

தென்னங்கீற்று: வெயில் பட்டுப் பாசி பிடிச்சிருக்கும், அதான் நாத்தம். டிரம்முக்குக் கருப்பு பெயிண்ட் அடிங்க, சரியாயிடும். எங்க வீட்ல அப்படித்தான் நின்னுச்சு. புழுவுக்கு ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்க.

வெண்டைப்பிஞ்சு: அண்ணா, பாசின்னா பச்சையால்ல இருக்கும்? அவங்க கஷாய நிறம்ங்கிறாங்க. செடிக்கு ஊத்துற தண்ணியில மண்ணெண்ணெய் எதுக்கு?

மண்வளம்: வருஷா வருஷம் ஐப்பசி பொறந்தா இதே கேள்வி. பழைய இழைகளப் படிச்சுட்டு வந்திருக்கலாம். முதல்ல கணக்கத் தெரிஞ்சுக்குங்க. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மி.மீ. மழை பெஞ்சா ஒரு லிட்டர். 500 சதுர அடி மாடி ஏறக்குறைய 46 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு 2,300 லிட்டர் வரும். அதுல 200 லிட்டரப் பிடிச்சுட்டு மிச்சத்த ரோட்டுல விடுறதுக்குப் பேரு மழைநீர் சேமிப்பு இல்ல. கிணத்துல விடுங்க. இதுக்காகத்தான் 2003லயே தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினாங்க.

முல்லைக்கொடி: தாம்பரம் பக்கம். தட்டோடு. பக்கத்து வீட்டு வேப்பமரம் மாடி மேல சாஞ்சிருக்கு, அது முக்கியமா? டிரம் புதுசு. கிணறு இல்ல சார், போர்தான்.

கிணத்தடி: அந்த மரந்தான் முக்கியம்மா. கோடை முழுக்க மாடியில கிடந்த இலை, தூசி, புறா எச்சம் எல்லாம் முதல் மழையில அடிச்சுக்கிட்டு வரும். அடியில படிஞ்சு, மூடுன டிரம்ல காத்து இல்லாம அழுகும். அந்த நாத்தந்தான் இது. இப்ப இருக்கிறத மரத்தடியில சாய்ச்சு விடுங்க, கீரைக்கு வேணாம். டிரம்ம உள்ள தேய்ச்சுக் கழுவுங்க.

இனிமே முதல் தண்ணி டிரம்முக்குப் போகக் கூடாது. இறங்குற பைப்புல டிரம்முக்கு முன்னாடி ஒரு டீ ஜாயிண்ட் (T வடிவ இணைப்பு) போட்டு, கீழ ஒரு துண்டு பைப், அதோட நுனியில எண்ட் கேப் (மூடி). அழுக்குத் தண்ணி அதுல நிறைஞ்ச பிறகுதான் டிரம்முக்கு ஏறும். கேப்புல சின்ன ஓட்டை ஒண்ணு போட்டா தானா வடிஞ்சு அடுத்த மழைக்குக் காலியா இருக்கும். ஆனா 4 இஞ்ச் பைப் ஒரு மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும். முதல் ஒரு மி.மீ. மழையக் கழிக்கணும்னாலே 500 சதுர அடிக்கு 46 லிட்டர் ஆகுது. அதனால கேப்புக்குப் பதிலா வால்வு வச்சு, முதல் பத்து நிமிஷம் கையாலத் திறந்து விட்டுடுறது மேல். வேப்பிலை வராம இருக்க, மாடியில தண்ணி இறங்குற பைப்போட வாய்க்கு வலைச்சல்லடை போடுங்க.

நெளியுறது கொசுப்புழு. ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாப் பறந்துடும். டெங்கு பரப்புற ஏடிஸ் வீட்ல பிடிச்சு வைக்கிற தண்ணியிலதான் முட்டை வைக்கும். மூடி, வழியுற குழாய் வாய், எல்லாத்துக்கும் நைலான் கொசுவலை இறுக்கிக் கட்டுங்க.

மண்வளம்: இவ்ளோ வேலைக்கு ஒரு உறிஞ்சுகுழி வெட்டிடலாம். நிலத்தடி நீர் ஏறாம தோட்டம் எத்தனை நாளைக்கு?

செம்பருத்தி: சார், எங்க பக்கம் களிமண். குழி ரெண்டு நாள் குளமா நிக்குது. போர்ல உப்புத்தண்ணி, கறிவேப்பிலை நுனி கருகிடுது. டிரம் தண்ணி ஊத்தினாதான் துளிரே விடுது. உங்க மண்ணுக்குச் சரியா வர்றத எல்லாருக்கும் சட்டமாச் சொல்லாதீங்க.

மண்வளம்: களிமண்ணுன்னா குழி இன்னும் ஆழமாப் போகணும், மணல் பரல் வர்ற வரைக்கும். அதுக்குக் கூலி ஆகும்னுதான் யாரும் வெட்டுறதில்ல.

செம்பருத்தி: வாடகை வீட்ல இருக்கிறவங்க ஓனர் நிலத்த எப்படி சார் வெட்டுறது?

கிணத்தடி: ரெண்டும் வேணும். டிரம் ரொம்பி வழியுறதக் குழிக்குத் திருப்பி விட்டா சண்டையே இல்ல. அந்தப் பொண்ணு கேட்டதுக்கு வாங்க.

முல்லைக்கொடி: கவுத்துப் பாத்தோம், அடியில ஒரு சாண் உயரத்துக்கு வேப்பிலைச் சேறு. கழுவியாச்சு, வலையும் கட்டியாச்சு. நேத்து மழையில முதல் தண்ணிய விட்டுட்டுப் பிடிச்சோம். இப்போதைக்கு வாடை இல்ல. நன்றி அண்ணா.

வெண்டைப்பிஞ்சு: டிரம்ல தண்ணி பிடிக்கிற குழாய எந்த உயரத்துல வச்சிருக்கீங்க? அடியோட ஒட்டி வச்சா வண்டலும் சேர்ந்து வரும், நாலு விரக்கடை மேல இருக்கணும்.

தென்னங்கீற்று: கருப்பு பெயிண்ட் அடிச்சீங்களா?