செயற்கைத் தோலா, நாற்றுத்தோலா?

வணக்கம்.

எரிகாயத்துக்கு ஆய்வுகூடத்தில் வளர்த்து வைக்கும் தோலைச் 'செயற்கைத் தோல்' என்று எழுதுவதை, தமிழில் எழுதும் நாங்கள் நிறுத்த வேண்டும். 1975 இல் றைன்வால்ட், ஹாவார்ட் கிறீன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதத் தோற்கலங்களை (தோலின் உயிரணுக்களை) ஆய்வுகூடத் தட்டில் பெருக்கும் வழியைக் கண்டார்கள். 1983 இல் அமெரிக்காவில், உடலின் பெரும்பகுதி வெந்த இரண்டு சிறுவர்களிடம் எரியாமல் தப்பிய சிறு துண்டுத் தோலை எடுத்து, வளர்த்து, உடலில் ஏறக்குறையப் பாதியை மூடினார்கள். எல்லாம் அந்தப் பிள்ளைகளின் சொந்தக் கலம். அதில் செயற்கை எங்கே?

அதற்குப் பதிலாக 'வளர்ப்புத்தோல்' என்று எழுதலாம் என்ற பரிந்துரையையும் யோசித்தேன். வளர்ப்பு என்றதும் எங்களுக்கு வளர்ப்புப் பிள்ளைதான் நினைவுக்கு வரும், வேறொருவர் பெற்றது. இங்கே பொருள் நேர்மாறு.

நான் சொல்வது நாற்றுத்தோல். கொஞ்ச விதையை நாற்றுமேடையில் முளைக்கவைத்துப் பிடுங்கித் தோட்டம் முழுக்க நடுவது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் புகையிலை செய்பவர்கள் அறிந்த வேலை. அஞ்சல்தலை அளவு தோல் மூன்று நான்கு வாரத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகுவதும் அப்படித்தான். நாற்றைப் போலவே மென்மையும் கூட: சில கல அடுக்குத் தடிப்புத்தான், உரசினாலே உரிந்துவிடும்.

தோலை எடுத்துப் புண்ணில் வைப்பதற்கெல்லாம் 'ஒட்டு' பொதுப்பெயராக இருக்கட்டும். குப்பி விளக்கு சரிந்து வெந்த என் சித்திக்குத் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். அம்மம்மா தினமும் கேட்டது, "ஒட்டுப் பிடிச்சிட்டுதோ?" என்றுதான். கறுத்தக்கொழும்பான் ஒட்டு மாங்கன்றுக்குக் கேட்கிற அதே கேள்வி. அடியிலிருந்து புது இரத்தக்குழாய் ஓடிச் சேருவதற்கு 'பிடித்தல்' என்பதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதமும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளும் கலந்து, பர்க் என்ற அறுவை மருத்துவரும் யன்னாஸ் என்ற பொறியியலாளரும் 1981 இல் அறிவித்த தகடு வேறு. அதில் உயிர்க்கலமே இல்லை. நோயாளியின் கலங்களும் குழாய்களும் அதற்குள் ஏறிப் படரும். பிறகு மேலே உள்ள சிலிக்கோன் படலத்தை உரித்துவிட்டு மெல்லிய ஒட்டு வைப்பார்கள். தமிழ்நாட்டில் இதற்கு, கட்டடத்துக்குக் கட்டும் 'சாரம்' பொருந்தும். இங்கே யாழ்ப்பாணத்தில் அது ஆண்கள் இடுப்பில் உடுக்கும் உடுப்பாகிவிடும். முந்திரிகை (திராட்சை) கொடிக்குப் போடுகிற பந்தல்தான் சரி. தோற்பந்தல் எனலாமா?

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நாற்றுத்தோல் 'நாற்றம்' என்று காதில் விழுகிறது என்றார் ஒரு தாதி. நாள் முழுக்கப் புண்ணின் மணத்தோடு நிற்பவர் சொன்னதைத் தட்ட முடியாது. 'தோல் நாற்று' என்று முன்பின்னாக்கினால் அது அடங்குமா? உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.