வேகமும் டீசலும்: சொந்த வண்டி ஓட்டுபவர்களின் அனுபவங்கள்

காவேரிப்பட்டணம், பத்துச்சக்கர லாரி

மூன்று ஆண்டுகளாக மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்ச்சியை எழுதுகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்குக் கிரானைட் பலகைகள் ஏற்றிச் செல்வது என் ஓட்டம். அன்று இரவு பர்கூரைத் தாண்டியதும், ஏறக்குறைய என் வண்டியின் எடையே உள்ள ஒரு பழைய பத்துச்சக்கர வண்டி இடப்பக்கத் தடத்தில் அறுபதில் போய்க்கொண்டிருந்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பிடிக்கும் எண்பது வரை மிதித்து அதை முந்தினேன். வாணியம்பாடியில் கண் எரிந்ததால் நிறுத்தி, தேநீர் குடித்து, முகம் கழுவிக்கொண்டு மீண்டும் விரட்டினேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் நின்றபோது பக்கத்து வரிசையில் அதே வண்டி நின்றது. அதை ஓட்டி வந்த பெரியவர் கண்ணாடியை இறக்கி, "ஏன் தம்பி, வழியில டீ குடிச்சீங்களா? நான் எங்கயும் நிக்கல" என்றார். கேலியாக அல்ல, அக்கறையோடுதான் கேட்டார்.

நூறு கிலோமீட்டர் சாலையில் எண்பதுக்கும் அறுபதுக்கும் உள்ள வேறுபாடு முழுதாகக் கிடைத்தாலே 25 நிமிடம்தான். விரட்டியதால் வந்த களைப்பைத் தீர்க்க நான் நின்ற நேரம் அதைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகும், சென்னைக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால், அன்று நகருக்கு வெளியே காத்துத்தான் கிடந்தேன். அடுத்த ஒரு மாதம் அறுபதைத் தாண்டாமல் ஓட்டி, ஒரே டீசல் பங்க்கில் டேங்கை நிரப்பி அளந்தேன். போக வர 520 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 4 கிலோமீட்டராக இருந்தது 4.6 ஆயிற்று. ஓர் ஓட்டத்திற்கு 17 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 1,564 ரூபாய். இறக்கம் வரும் இடங்களில் எந்தக் கியரிலும் இல்லாமல் நியூட்ரலில் விட்டு வந்ததும் இதில் சேரும்.

ராயக்கோட்டை, பதினேழு அடி வண்டி

மேலே எழுதிய அண்ணனின் கணக்கில் பிழையில்லை. ஆனால் கல் காத்திருக்கும், தக்காளி காத்திருக்காது. கோயம்பேட்டிற்கு 200 பெட்டிகள் ஏற்றிக்கொண்டு, இதைப் போன்ற அறிவுரையைக் கேட்டு நிதானமாகப் போன ஓர் இரவில் ஒரு மணி நேரம் தாமதித்துச் சேர்ந்தேன். எனக்கு முன்பே நான்கைந்து வண்டிகள் இறங்கிவிட்டிருந்தன. மண்டிக்காரர் மேல் பெட்டியில் ஒரு பழத்தை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்து, ஒன்றும் பேசாமல் திரும்ப வைத்துவிட்டு நடந்தார். அந்தப் பழத்தில் பதிந்திருந்த விரல் தடம் இப்போதும் என் கண் முன்னே நிற்கிறது. பெட்டிக்கு 30 ரூபாய் விலை குறைந்தது. சரக்கு அனுப்பியவர் என் வாடகையில் 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். அன்று நான் மிச்சம் பிடித்த டீசல் எட்டு லிட்டர் கூட இருக்காது. சரக்கைக் கேட்காமல் வேகத்தை மட்டும் பேசுவது சிறு வண்டிக்காரனுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

நல்லம்பள்ளி, பத்துச்சக்கர லாரி

தக்காளி வழக்கை நீங்கள் இருவரும் தீர்த்துக்கொள்ளுங்கள். முதல் பதிவின் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. நியூட்ரலில் விடுவதை நான் கிளீனராக இருந்த காலத்தில் என் ஆசானிடம் கற்றேன். பல ஆண்டுகள் அப்படியே செய்தேன். பெங்களூரிலிருந்து மதுரைக்குச் சரக்கேற்றி வந்த ஒரு விடியற்காலையில், தொப்பூர்க் கணவாயின் உச்சியில் வழக்கம்போல் கியரை விடுவித்தேன். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து மிதித்து வந்ததில், அந்த இறக்கத்தில் வரும் கட்டமேட்டை நெருங்கும்போது, பிரேக்கை இயக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் முள் எட்டிலிருந்து ஐந்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் மெதுவாகச் சுற்றியதால் மிதித்துத் தீர்த்த காற்றை, அதை நிரப்பும் கம்ப்ரசரால் ஈடுகட்ட முடியவில்லை. எச்சரிக்கை ஒலி கத்தத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தால், கிளீனர் பையன் கதவைத் திறந்து, சக்கரத்திற்கு வைக்கும் கட்டையை மார்போடு அணைத்தபடி, குதிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. எஞ்சினை உறுமவிட்டு எப்படியோ ஐந்தாம் கியரைத் திணித்தேன்; வேகம் சற்றுத் தணிந்ததும் நான்காம் கியருக்கு இறக்கி, எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, ஓரத்தில் நிறுத்தினேன். பின்சக்கரங்களிலிருந்து புகை வந்தது.

இதில் வேதனை என்னவென்றால், அந்த நியூட்ரலால் ஒரு சொட்டும் மிச்சமில்லை. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், உருளும் சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. டீசல் செலுத்துவது அறவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் தன்னைத் தானே உயிரோடு வைத்திருக்க டீசலைக் குடித்தாக வேண்டும். அண்ணன் சொன்ன மிச்சம் முழுவதும் அறுபதில் ஓட்டியதால் வந்தது. நியூட்ரலுக்கு அதில் பங்கில்லை. தயவு செய்து அதை விட்டுவிடுங்கள்.

ஓசூர், பன்னிரண்டு சக்கர லாரி

என் அனுபவம் சிறியது. ஒரு முறை சூளகிரி அருகே பின்னால் வந்த வண்டிக்காரர் விளக்கை அடித்து என்னை நிறுத்தி, இரட்டைச் சக்கரத்தின் உள்டயரைத் தட்டிக் காட்டினார். அதில் காற்றே இல்லை. எத்தனை நாளாக வெளிடயர் மட்டும் பாரத்தைத் தாங்கியதோ, நான் மைலேஜ் குறைவுக்கு டீசல் பங்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறுவது. அறுபதிலிருந்து எண்பதுக்குப் போனால் அது முக்கால் பங்கிற்கும் மேல் கூடுகிறது. தார்ப்பாய் தளர்ந்து படபடத்தால் தடை இன்னும் கூடும். கயிற்றை இழுத்துக் கட்ட ஐந்து நிமிடம் போதும். அதற்காக நாற்பதில் போனால் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். மேல் கியர் தாங்காத வேகத்தில் கீழ்க் கியரில் இழுத்தால் மிச்சம் போய்விடும். எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டரில் உள்ள பச்சைப் பட்டைக்குள், மேல் கியரில், முள் நிற்கும் வேகமே உங்கள் வண்டிக்கு உரிய வேகம். பக்கத்து வண்டிக்காரர் சொல்லும் எண்ணை நம்ப வேண்டியதில்லை. டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே, உள்டயர் உட்பட எல்லாவற்றிலும் காற்றை அளந்துவிடுங்கள். சுமை இறக்கக் காத்திருக்கும் இடத்தில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். ஒரு மணி நேரத்திற்கு இரண்டு லிட்டரைப் போல் வீணாகிறது. 2018-இல் பத்துச்சக்கர வண்டியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தபின், பழைய மைலேஜோடு இன்றையதை ஒப்பிட்டு ஓட்டுநரைத் திட்டுவதும் நியாயமில்லை.

அளப்பதிலும் கவனம் வேண்டும். சேலத்தை விட ஓசூர் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கும்போது கிடைக்கும் மைலேஜைச் சொல்லிப் பெருமைப்படுவோரும், ஏறும்போது வருவதைக் கண்டு டீசல் பங்க்கை ஏசுவோரும் நம்மிடையே நிறைய உண்டு. காவேரிப்பட்டணத்து நண்பர் போக வரச் சேர்த்து அளந்தது சரியான முறை. ராயக்கோட்டைத் தம்பிக்கும் ஒன்று சொல்வேன்: வழியில் நிற்காமல் அறுபத்தைந்தில் போனால் கோயம்பேட்டிற்கு நேரத்திலேயே சேரலாம், தாமதம் பெரும்பாலும் சரக்கேற்றும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ராயக்கோட்டை, பதினேழு அடி வண்டி

சரக்கேற்றுவது என் கையில் இல்லை, ஐயா. விவசாயி பறித்து முடிக்கும்வரை நான் வயல் ஓரத்தில்தான் நிற்கிறேன். அங்கே போன ஒரு மணி நேரத்தைச் சாலையில் தவிர வேறு எங்கே தேடுவேன்?

காவேரிப்பட்டணம், பத்துச்சக்கர லாரி

நல்லம்பள்ளி அண்ணனின் பதிவை என் மகனுக்கும் படித்துக் காட்டினேன். அவன் இப்போது என்னுடன்தான் வண்டியில் வருகிறான். வரும் வியாழக்கிழமை திருச்சிக்கு ஒரு சரக்கு இருக்கிறது. தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மூன்றாம் கியருக்கு இறக்கி, எக்ஸாஸ்ட் பிரேக்கோடு கீழே வந்து சேர்கிறேன். திரும்பி வந்ததும் போக வர அளந்த கணக்கை இங்கே எழுதுகிறேன்.