வளர்ச்சிக் காரணியை ஏன் முடக்க வேண்டும்?

தோ பாயோ வாசகி:
நீரிழிவால் என் தந்தையாரின் விழித்திரை வீங்கியிருப்பதால், விஇஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் ஊசியைக் கண்ணுக்குள் போட வேண்டும் என்கிறார் மருத்துவர். உடலே சுரக்கும் புரதத்தை முடக்குவது எவ்வாறு சிகிச்சையாகும்?

ஜூரோங் உயிரியலாளர்:
ஆக்சிஜன் குறைந்த திசு, புதிய இரத்த நாளங்களைக் கோரி அனுப்பும் ஓலை அந்தப் புரதம். நீரிழிவில் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபடும்போது அது அளவுமீறிச் சுரந்து நாளச் சுவர்களைத் தளர்த்துவதால், நீர் கசிந்து, கூர்மையான பார்வைக்குரிய விழித்திரை மையப்பகுதியான மாக்குலா வீங்குகிறது. 1989இல் நெப்போலியோன் ஃபெராரா என்னும் அறிவியலாளர் இப்புரதத்தைப் பிரித்தெடுத்தார். புற்றுக்கட்டிகளும் இவ்வழியே இரத்தம் பெறுவதால், 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு, இப்புரதத்தைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கண்ணுக்கான ரானிபிசுமாப் 2006இல் வந்தது. புரதம் உயிரணுவுக்கு வெளியே உலவுவது மருந்தியலாளருக்குப் பெரும் வசதி. உயிரணுவின் மேல் அதன் சைகையை வாங்கும் ஏற்பியை அது தொடுமுன்பே, மருந்தாகச் செலுத்தப்படும் எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொள்கிறது.

தெம்பனிஸ் தாதி:
அக்கா, இத்தகைய மருந்தை இரத்த நாளம்வழி செலுத்தினால் இரத்த அழுத்தம் உயரலாம், புண் ஆறத் தாமதமாகலாம்; கண்ணுக்குள் செல்வதோ பெரும்பாலும் 0.05 மில்லிலிட்டர்தான். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்திட்டு, அயோடின் கரைசலால் சுத்தம் செய்த பின்பே ஊசி போடுவார்கள். அண்மையில் அப்பாவுக்குப் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்தின் பலன் சில வாரங்களில் குறைவதால், மறுபடியும் போட நேரிடும்.